மார்க் கொடுத்த லேப்... கை கொடுத்ததா?



"மாப்ளே, உனக்கு என்ன சால்ட்?"

"நீலக் கலரு. காப்பர் சல்பேட்டுதான், வேற என்ன!"

"அப்புறம் எதுக்குடா டெஸ்ட் டியூப்? எழுதிட்டுப் போக வேண்டியதுதானே!"

இந்த உரையாடலைக் கேட்காத மாணவன் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலேயே இருக்க முடியாது. சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்த மலரில் ஒரு கவிதையோ, துணுக்கோ எழுதாமல் பியூரெட்டையும் பிப்பெட்டையும் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. அதோடு வேதியியல் செய்முறையும் வந்தது. பருமனறி பகுப்பாய்வு என்றால் டைட்ரேஷன். பண்பறி பகுப்பாய்வு என்றால் சால்ட். நீண்ட காலம் 200 மதிப்பெண்ணில் 50 செய்முறைக்கு இருந்தது. இப்போது 100இல் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. அந்த மதிப்பெண்ணை நம்மில் பெரும்பாலோர் முழுசாகவோ, ஒன்றிரண்டு குறைவாகவோ வாங்கிவிட்டோம். நல்லது. ஆனால் அந்த மார்க்குக்கு ஈடான வேலை நம் கையில் இருக்கிறதா? இதுதான் என் கேள்வி.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோவுக்கு வந்தவன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் படித்தேன், பெயர் வேண்டாம். அங்கே லேப் கதவு திறந்ததே செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால்தான். ஒரு பியூரெட்டுக்கு எட்டுப் பேர். ஒருவன் திருகுவான், ஒருவன் பார்ப்பான், மற்ற ஆறு பேரும் "எவ்வளவுடா வந்துச்சு?" என்று கேட்டு எழுதுவார்கள். தேர்வன்று சால்ட் பாட்டிலின் நம்பருக்கு அர்த்தம் என்ன என்பது வராண்டாவிலேயே தெரிந்துவிடும். "பாவம், கிராமத்துப் பிள்ளைகள், தமிழ் மீடியம்" என்று இரக்கப்பட்டு மார்க்கும் போட்டுவிடுவார்கள்.

இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் இந்த இரக்கத்தின் விலையைக் கொடுப்பது யார்? அதே கிராமத்துப் பிள்ளைதான்! வசதியுள்ள பள்ளியில் படித்தவன் மார்க்கோடு கைப்பழக்கத்தையும் கொண்டுபோகிறான். நமக்கு மார்க் மட்டும். நாளை ஆலையில் வேலைக்குப் போகும்போது "இந்தத் தண்ணீரை டெஸ்ட் பண்ணு" என்று சொன்னால் மார்க் ஷீட்டையா தண்ணீரில் முக்குவது?

சிலர் கேட்கலாம்: "நான் மெக்கானிக்கல், நான் சிவில். எனக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி?" நியாயமான கேள்வி. பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

சிவில் நண்பர்களே, கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456:2000 விதித்தொகுப்பை எடுத்துப் பாருங்கள். கலவைக்கு ஊற்றும் தண்ணீருக்கு அதில் ஒரு சோதனை இருக்கிறது. 100 மில்லி தண்ணீர், ஃபினால்ப்தலீன் நிறங்காட்டி, 0.02 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. 5 மில்லிக்கு மேல் பிடிக்கக் கூடாது. இது என்ன? நாம் பார்த்த அதே டைட்ரேஷன்! கம்பி கட்டிய கான்கிரீட் என்றால் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

மெக்கானிக்கல் நண்பர்களே, கடினத் தண்ணீர் பாய்லருக்குள் போனால் குழாயில் பொருக்குக் கட்டும். சூடு தண்ணீருக்குப் போகாது. விறகும் நிலக்கரியும் வீணாகும், குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கவும் கூடும். அதனால்தான் பாய்லர் ஓடுகிற இடங்களில் தண்ணீரைத் தவறாமல் சோதிக்கிறார்கள். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பேட்டரிக்கு ஊற்றும் 'டிஸ்டில்டு வாட்டர்' உண்மையானதுதானா என்று பார்க்க ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் போதும். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது, கடைக்காரர் குழாய்த் தண்ணீரை விற்றிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். அமில உறுப்புச் சோதனைதானே இது!

கல்லூரியை விடுங்கள், நம் தோட்டத்துக்கு வாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தத் திராட்சைக் கொடியை அடிச்சாம்பல் நோயிலிருந்து காக்கும் பழைய மருந்து போர்டோ கலவை. பிரான்சில் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்டே 1885இல் உலகத்துக்குச் சொன்னது. ஒரு கிலோ மயில் துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலந்து முடித்ததும் நம் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? பளபளப்பாகத் தீட்டிய அரிவாளைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பார்க்கிறார்கள். செம்பு நிறம் படிந்தால், "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடப்பா, இல்லேன்னா இலை கருகிப் போகும்" என்கிறார்கள். இரும்பு கரைந்து தாமிரத்தை வெளியே தள்ளுகிறது. அப்படியானால் கரைசலில் தாமிரம் தனியாக மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இது சுத்தமான பண்பறி பகுப்பாய்வு அல்லவா! பத்தாவது தாண்டாத அப்பா அரிவாளை முக்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறார். டிப்ளமோ படிக்கும் மகன் கலரைப் பார்த்து காப்பர் சல்பேட் என்று எழுதிவிட்டு வருகிறான். இரண்டு பேரில் யார் விஞ்ஞானி?

இன்னொன்று. டி.ஏ.பி. உரத்தைக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கினால் குப்பென்று மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அமோனியா! நெடியே வராவிட்டால் அந்த மூட்டை டி.ஏ.பி. தானா என்று சந்தேகப்பட வேண்டும். லேபில் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிச் சூடாக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடித் தண்டைக் காட்டி, வெண்புகை வருகிறதா என்று பார்த்தோமே, அந்த அம்மோனியம் உறுப்புச் சோதனையின் தம்பிதான் இது.

சரி, டைட்ரேஷன் ரீடிங்கை பக்கத்து பெஞ்சில் கேட்டு எழுதினால் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டே பார்ப்போம். 20 மில்லி கிணற்றுத் தண்ணீரை 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலால் டைட்ரேட் செய்கிறோம். திராட்சை ரசம் போன்ற சிவப்பு நீலமாக மாறும்போது நிறுத்த வேண்டும். ஒரு மில்லி பிடித்தால் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 4 மில்லி பிடித்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500:2012 ஏற்கத்தக்கது என்று சொல்லும் எல்லை அதுதான். 12 மில்லி என்றால் 600. வேறு தண்ணீர் கிடைக்காதபோது அனுமதிக்கும் கடைசி எல்லை. ஆக, 11 மில்லி என்று எழுதினால் அந்தத் தண்ணீர் பாஸ், 13 என்று எழுதினால் ஃபெயில். நடுவே இருப்பது திருகியில் ஒரு சின்னத் திருப்பம்! ரெக்கார்டு நோட்டில் அது வெறும் நம்பர். ஒரு ஊருக்கு அது குடிதண்ணீர்.

"ஒத்த அளவீடு" என்று இரண்டு ரீடிங் ஒன்றாக வரவேண்டும் என்பது எதற்காக? வாத்தியாரைத் திருப்திப்படுத்த அல்ல. முதல் தடவை நாம் சொன்னது சரியா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள. முதல் ரீடிங்கைப் பார்த்துவிட்டு இரண்டாவதை எழுதிக்கொள்பவன் அந்தக் கேள்வியையே கொன்றுவிடுகிறான். பியூரெட்டில் இந்தப் பழக்கம் வந்தவன் நாளை மைக்ரோமீட்டரிலும் செய்வான், கான்கிரீட் கியூப் டெஸ்டிலும் செய்வான். வீடு கட்டியவன்தான் அழ வேண்டும்.

குறை சொல்வது சுலபம். செய்யக்கூடியது என்ன? நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று: லேபில் இரண்டு பேருக்கு ஒரு பியூரெட் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்போம். மேடைக்கும் மைக் செட்டுக்கும் செலவு செய்யும் நாம் கண்ணாடிக் குழாய்க்குக் கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டு: ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நாள், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரைச் சொந்த ஊரிலிருந்து கொண்டு வருவோம். கூடலூர், சின்னமனூர், போடி, ஆண்டிபட்டி, வருசநாடு... ஆற்றுத் தண்ணீர், கிணறு, போர்வெல் எல்லாம் வரட்டும். நாமே டைட்ரேட் செய்து ஊர் வாரியாகச் சார்ட்டில் எழுதி மாட்டுவோம். பக்கத்து பெஞ்சில் கேட்டு எழுத முடியாது. ஏனென்றால் அவன் ஊர் வேறு, தண்ணீர் வேறு!

மூன்று: நம்பர் சொல்லிக் கொடுக்கும் வேலையை நாமே நிறுத்துவோம். நம்பர் கேட்டு வரும் ஜூனியரிடம், "வாடா, அமோனியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பாரு, ஆழ்ந்த நீலம் வருதா?" என்று பக்கத்தில் நின்று செய்யச் சொல்வோம். அதைவிடப் பெரிய உதவி எந்த அண்ணனும் செய்துவிட முடியாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ரெக்கார்டு நோட்டுச் சுரைக்காயும் அப்படித்தான். நமக்கு வேண்டியது இரக்க மார்க் அல்ல தோழர்களே, திறந்திருக்கும் லேப். அதைக் கேட்டு வாங்குவோம். வாங்கிய பிறகு, தயவுசெய்து, ரீடிங்கை நாமே பார்ப்போம்!