ஒரே வியர்வைக்கு இரு விலையா?

மண்டூர் மண்ணிலே பிறந்த ஒருவன், தந்தையின் வயலை ஈடுவைத்து, முகவர்களுக்குப் பணங் கட்டி, இத்தாலி தேசம் போய்ச் சேர வழி தேடுகின்றான். அதே வேளையில் இலண்டனிலும் பெர்லினிலும் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இளைஞரும் யுவதியரும் தோளிலே ஒரு பையை மாட்டிக்கொண்டு, துணை எவருமின்றி, அதே இத்தாலிக்குப் புறப்படுகின்றனர். அங்கே ஒரு குடும்பத்தார் நடத்தும் பண்ணையிலே தங்கி ஒலிவக்காய் பறிக்கின்றனர்; திராட்சைக் கொடிகளைக் கத்தரிக்கின்றனர்; ஆட்டுக் கொட்டிலைக் கூட்டுகின்றனர். கூலி கிடையாது, உணவும் படுக்கையும் உண்டு. முன்னவனுக்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் 'சட்டவிரோதக் குடியேறி'. பின்னவருக்கு வழங்கும் பெயர் 'விருந்தினர்'. இருவரும் குனிவது ஒரே மண்ணில். சிந்துவது ஒரே வியர்வை. அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? படுவான்கரையின் எதிர்காலத்தை எண்ணுவோர் இக்கேள்விக்கு விடை காணாமல் இருத்தலாகாது.

இம்முறை தோன்றிய வரலாற்றை முதலில் அறிதல் நன்று. 1971ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரிலே செயலாளராக உத்தியோகம் பார்த்துவந்த சூ கொப்பார்ட் என்னும் பெண்மணி, பட்டண வாழ்வில் அலுத்து மண்ணைத் தொட விரும்பினார். சசெக்ஸ் பகுதியில், இரசாயன உரமின்றிப் பயிர் செய்த ஒரு பண்ணைக்கு வார இறுதியொன்றில் சிலரைச் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்தார். வந்தவர் உழைத்தனர், பண்ணையார் உண்டியும் உறையுளும் அளித்தனர். அச்சிறு முயற்சி இன்று 'வூஃப்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியுள்ளது. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணிநேர உழைப்பு, பணக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்பதே அதன் வழக்கு. உற்று நோக்கின் இது நமக்குப் புதிதன்று. உன் வயலுக்கு நான், என் வயலுக்கு நீ என்று கைகொடுத்து, களத்துமேட்டிலே கூடியுண்ட சமூகம் நம்முடையது.

இத்தாலியில் இவ்வழக்கம் வேரூன்றுதற்கு அம்மக்களின் உபசாரத்தோடு அந்நாட்டின் சட்டமும் துணை நின்றது. அத்தேசத்தின் நடுப்பகுதியில் 'மெட்சாத்ரியா' என்னும் வாரமுறை நூற்றாண்டுக் கணக்காக நிலவிற்று. நிலம் பிரபுவுக்கு; பாடு குடியானவனுக்கு; விளைச்சல் பாதிக்குப் பாதி. இனிமேல் இத்தகைய ஒப்பந்தம் செய்யலாகாது என்று 1964ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடை விதித்தது. ஆயினும் அதற்கு முன்னரே குடியானவர் தொழிற்சாலைகளை நாடிப் பட்டணம் போகத் தொடங்கிவிட்டனர். கல்லாற் கட்டிய வீடுகள் பாழடைந்தன, மலைவயல்கள் தரிசாயின. இந்நிலையிலே 1985ஆம் ஆண்டு 730ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. கமக்காரன் தன் பண்ணை வீட்டில் விருந்தினரை ஏற்று வருவாய் தேடலாம். ஆனால் பயிர்த்தொழிலே தலையாய தொழிலாக இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. 2006ஆம் ஆண்டு 96ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோதும் இக்கோட்பாடு மாறவில்லை. விருந்து வயலை விழுங்கிவிடலாகாது என்பதே அச்சட்டத்தின் உயிர். இன்று அந்நாட்டில் 25,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இவ்விதம் விருந்தினரை ஏற்கின்றன. காசு கொடுத்துத் தங்குவோருக்குத் திறந்த அக்கதவு, உழைப்பைக் கொடுத்துத் தங்குவோரையும் வரவேற்கும் வழக்கத்துக்கு உரமாயிற்று.

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம்.

உரோமாபுரிக்குத் தெற்கே இலத்தீனா என்றொரு மாகாணம் உண்டு. அங்கே காய்கறித் தோட்டங்களில் உழைப்போருள் ஆயிரக்கணக்கானோர் பஞ்சாபிலிருந்து சென்றவர்கள். 2024 யூன் மாதத்தில் அவர்களுள் ஒருவரான சத்னாம் சிங் என்பாரின் கை, பண்ணை இயந்திரத்தில் அகப்பட்டுத் துண்டாயிற்று. அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாது, அவர் குடியிருந்த இடத்தின் அருகே விட்டுச் சென்றனர். இரண்டு நாட்களின் பின் அவர் மாண்டார். முறையான பதிவின்றி வேலை வாங்கப்பட்டவர் அவர். கூலியாட்களைத் தரகர் மூலம் திரட்டிச் சுரண்டுவதை இத்தாலியர் 'கப்பொராலாத்தோ' என்பர். நம் மலையகத்து மக்களைக் கேட்டால் கங்காணி முறை என்று விளங்கிக்கொள்வர். இதனை ஒடுக்குதற்கு 2016ஆம் ஆண்டிலேயே 199ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சட்டப் புத்தகத்தில் எழுத்து இருந்தது. தோட்டத்து வரம்பிலே அதைக் காக்க ஆளில்லை.

நம்மவர் அந்நாட்டில் எவ்விதம் வாழ்கின்றனர்? சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலே ஈழத் தமிழர் 1980களிலிருந்து வேரூன்றியுள்ளனர். பெரும்பாலோர் பிறர் வீடுகளிலே வீட்டு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாய், புனித ரோசாலியாவின் ஆலயம் அமைந்த பெல்லெக்ரீனோ மலையில் ஏறுகின்றனர். தெய்வத்தைத் தேடி மலையேறும் வழக்கத்தை விடாத நம் மக்கள், நிலத்தை மட்டும் ஏன் விட்டுச் சென்றனர்?

விடையைத் தேடி வாவியைக் கடப்போம். குருமண்வெளித் துறையிலிருந்து மறுகரை சேர்ந்தால் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் கந்தசுவாமி கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு வருவோர் பசியோடு திரும்புவதில்லை. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பர் என்று பிற ஊரார் கூறுவது நம் உபசாரத்துக்குக் கிடைத்த பட்டயமேயாம். ஆயினும் நெஞ்சில் கை வைத்துக் கூறுவோம்: அப்பாய் எல்லோருக்குமா விரிக்கப்பட்டது? போடியாரின் விறாந்தையிலே உத்தியோகத்தருக்கு நாற்காலி; அதே போடியாரின் வயலை இரவு பகலாகக் காத்த முல்லைக்காரனுக்கு வாசற்படி. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு ஓரளவு காப்பளித்தது. குத்தகையும் இல்லாத கூலியாளின் மானத்தை எந்தச் சட்டம் காத்தது? தன் மகன் மண்வெட்டி பிடிக்கலாகாது என்று முல்லைக்காரன் விரும்பினான். தன் மகனும் பிடிக்கலாகாது என்று போடியார் எண்ணினார். ஒருவர் மகன் கடல் கடந்தான். மற்றவர் மகன் கொழும்பிலே உத்தியோகம் பெற்றான். வெறிச்சோடியது வயல்.

இதன் மேல் அரசின் அவசரமும் வந்து விழுந்தது. இத்தாலியக் குடும்பம் இரசாயன உரத்தைக் கைவிடுவது அதன் சொந்தத் தீர்மானம். மண்ணைப் பழக்க ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். நமக்கோ 2021 மே மாதத்தில் வர்த்தமானி ஒன்றினாலே இறக்குமதி தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கிற்று. அதற்குள் விதைத்தவன் கடனாளியானான். விரும்பிச் செய்வதற்குத்தான் தொண்டு என்று பெயர். ஏவிச் செய்விப்பதற்கு வேறு பெயர்.

படித்தவரும் உழவரும் ஒரே வரம்பில் நின்ற காலம் நம்மிடையே இருந்திராமலில்லை. 1970களிலே வவுனியாவில் எழுந்த காந்தீயம் இயக்கத்தை எண்ணிப் பாருங்கள். அதை நடத்தியவர் இருவர்: ஒருவர் வைத்தியர் இராசசுந்தரம், மற்றவர் கட்டடக் கலைஞர் டேவிட். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தால் வீடிழந்த மலையக மக்களை வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்த்தி, கிணறு வெட்டி, பயிர் செய்ய வகை செய்தனர். இளைஞர் பலர் தொண்டராகச் சென்று அம்மக்களோடு தங்கினர். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். யூலை மாதம் வெலிக்கடைச் சிறையிலே இராசசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட், மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பர் சிறையுடைப்பில் வெளியேறினார், 2015இல் காலமானார். வயலுக்குச் சென்ற படித்தவனை அன்றைய அரசு எவ்வளவு அஞ்சிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே நான் முன்வைப்பது இதுவே. இத்தாலியின் ஒலிவத் தோட்டத்துக்குத் தனி வழி சென்று திரும்பும் நம் புலம்பெயர்ந்த பிள்ளைகளும், கொழும்பிலும் மட்டுநகரிலும் உத்தியோகம் புரியும் நம் வைத்தியரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் ஆண்டில் ஒரு வாரத்தைப் படுவான்கரைக்கு அளித்தல் வேண்டும். பிறநாட்டாரை அழைப்பது பின்னர் ஆகட்டும். சுற்றுலா விசாவில் வருவோர் சம்பளத்துக்கோ சம்பளமின்றியோ தொழில் புரிய நம் குடிவரவு விதிகள் இடந்தரா. முதலில் நம்மவர் வரட்டும்.

வந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். அறுவடையை இன்று இயந்திரம் முடித்துவிடுகின்றது. ஆனால் வரம்பு கட்டவும், வாய்க்கால் துப்புரவு செய்யவும், வேலியடைக்கவும், வீட்டுத்தோட்டம் போடவும் கைகள் வேண்டும். பகலில் அதைச் செய்க. மாலையிலே அக்குடும்பத்தின் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். காணி அனுமதிப் பத்திரம் இறந்துபோன பாட்டன் பெயரிலேயே இருக்கும், பின்னுரித்தாளி பதியப்பட்டிருக்கமாட்டார், கடன் பத்திரத்தில் கைந்நாட்டு இருக்கும், வட்டி எவ்வளவு என்று வீட்டார் அறியார். நீதிமன்றத்திலே இத்தகைய காகிதத்தால் காணியிழந்து நிற்போரைக் கண்டு நொந்தவன் நான். வழக்காகு முன்னரே ஒரு மாலைப் பொழுதில் தீர்க்கக்கூடியவை அவற்றுட் பல.

இதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். தொண்டர் செய்யும் வேலையால் ஒரு கூலியாளின் ஒருநாட் கூலியேனும் குறைதல் ஆகாது. எந்த வேலை கூலிக்கு, எந்த வேலை தொண்டுக்கு என்பதை ஊர்க் கமக்காரர் அமைப்பே வகுக்கட்டும். தொண்டர் போடியார் வீட்டில் மாத்திரம் தங்கலாகாது. முல்லைக்காரன் வீட்டிலும் தங்கி, அவன் பானையிலே உண்ணல் வேண்டும். யாருக்கேனும் காயம் நேர்ந்தால் வைத்தியச் செலவை ஏற்போர் யார் என்பது முதல்நாளே எழுத்தில் இருத்தல் வேண்டும். இலத்தீனாவில் சிந்திய இரத்தம் நமக்குக் கற்பித்த பாடம் அது.

ஒரு வாரத் தொண்டு வயலைக் காத்துவிடுமோ என்று ஐயுறுவோர் இருப்பர். வயலை அது காவாது. ஆனால் தன் தகப்பன் பிடித்த மண்வெட்டியை ஒரு வைத்தியரும் ஒரு பொறியியலாளரும் கூசாமற் பிடிப்பதைக் காணும் சிறுவன், அதை இழிவென்று எண்ணான். நிலத்தை விட்டோடுதற்கு வறுமை ஒரு காரணமெனின், அவமதிப்பு மற்றொரு காரணம். முன்னதைத் தீர்க்க அரசு வேண்டும். பின்னதைத் தீர்க்க நாமே போதும். வரும் ஐப்பசியில் படுவான்கரையிலே விதைப்புத் தொடங்கும். உத்தியோகத் தமிழரே, லீவு விண்ணப்பத்தை இப்பொழுதே எழுதுக!