கேள்வியும் வாளும்



“நீங்கள் ஏன் சிலைகளை வணங்குகிறீர்கள்?” என்று அயலவர் வினவுகிறார். “கடவுள் அன்பானவர் என்றால் 2009இல் முள்ளிவாய்க்காலில் அத்தனை உயிர்கள் ஏன் மடிந்தன?” என்று பல்கலைக்கழகத்தில் பயிலும் மகன் வினவுகிறான். கேள்வி முடியும் முன்னரே நமது முகம் சிவக்கிறது, குரல் உயர்கிறது. “வாயை மூடு, இது தெய்வ நிந்தனை” என்று அதட்டிவிடுகிறோம். கேட்டவர் மௌனமாகிறார். விசுவாசத்தைக் காத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் எதைக் காத்தோம்?

விசுவாசம் என்பது மறைக்கல்வி வகுப்பில் கற்ற கொள்கைகளின் தொகுப்பு மட்டுமன்று. அது தாயின் மடியில் இருந்து சொல்லப் பழகிய செபமாலை. இடம்பெயர்ந்த நாள்களில் வேறு எதுவும் எஞ்சாதபோதும் எஞ்சியிருந்த செல்வம். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து அன்னையின் திருவுருவத்தைக் காட்டுக்குள் கொண்டு சென்று காத்தவர்கள் நம் முன்னோர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அத்திருவுருவம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டதையும் நாம் அறிவோம். ஆகவே, சிலையைப் பற்றிய கேள்வி நம் செவியில் கொள்கை பற்றிய கேள்வியாக விழுவதில்லை. பெற்ற தாயைப் பழிக்கும் சொல்லாகவே விழுகிறது. இது மனித இயல்பு. ஆயினும், அச்சினத்தின் அடியில் அச்சமும் உண்டு. நம்மிடம் பதில் இல்லையோ என்ற அச்சம். கேள்விக்கு இடங்கொடுத்தால் விசுவாசமே சரிந்துவிடுமோ என்ற அச்சம்.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவினார். தலைமைக்குருவின் பணியாளனான மால்குவின் காதை வெட்டினார். ஆண்டவரைக் காப்பதாகவே அவர் எண்ணினார். ஆனால் அந்த வாள் பலத்தின் அடையாளமன்று என்பது அன்றிரவே வெளிப்பட்டது. ஒரு பணிப்பெண்ணின் எளிய கேள்விக்கு முன்னால் அவர் ஆண்டவரையே மறுதலித்தார். வெட்டுண்டது காது என்பதையும் கவனியுங்கள். சினத்தோடு விசுவாசத்தைக் காக்க முனையும்போதெல்லாம் நாம் வெட்டுவது மற்றவரின் செவியையே. அதன்பின் நமது சாட்சியை அவர் எவ்வாறு கேட்பார்? இயேசுவோ அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார். சிறிது நேரத்தின்பின் தம்மை அறைந்த காவலனிடமும், தாம் பேசியதில் தவறு இருப்பின் அதை எடுத்துக்காட்டும்படி அமைதியாகக் கேட்டார்.

அந்தப் பேதுரு பின்னர் மாறினார். பிற இனத்தாரான கொர்னேலியுவின் வீட்டுக்குச் சென்றதற்காக எருசலேமில் சொந்தச் சகோதரர்களே அவரைக் குறைகூறினர். திருத்தூதர்களுள் முதல்வரான அவர் அதிகாரம் காட்டவில்லை. நடந்தவற்றை முதலிலிருந்து முறையாக விளக்கினார். நமது நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் விடையளிக்க ஆயத்தமாயிருக்கும்படி தமது முதல் திருமுகத்தில் அவர் நம்மைப் பணிக்கிறார்.

திருச்சபை கேள்விகளுக்கு அஞ்சியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெரும் இறையியல் நூலில், ஒவ்வொரு வினாவிலும் மறுப்போரின் வாதங்களையே முதலில் வைக்கிறார். இறைவன் இருக்கிறாரா என்ற வினாவில் அவர் முதலாவதாக எடுத்துரைக்கும் மறுப்பு, உலகில் தீமை இருக்கின்றதே என்பதாகும். நம் மகன் கேட்டதும் அதுவே. ஒரு புனிதர் தமது நூலில் இடங்கொடுத்த கேள்விக்கு நமது வீட்டில் இடமில்லையா?

சில கேள்விகளுக்குத் தெளிவான விடை உண்டு. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது. திருவுருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று 787இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் போதித்தது. இதை அயலவருக்குச் சினமின்றிச் சொல்லலாம். முள்ளிவாய்க்காலைப் பற்றிய கேள்வியோ ஒரு வசனத்தால் முடித்துவிடக் கூடியதன்று. அதைக் கேட்கும் பிள்ளையின் அருகே அமருங்கள். சிலுவையில் தொங்கிய இயேசுவும் தந்தையை நோக்கி ‘ஏன்’ என்று கதறினார் என்பதை அவனுக்கு நினைவூட்டுங்கள். அவன் கேள்வி விசுவாசத்தின் முடிவன்று; அது செபத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

எனவே, அடுத்த முறை ஒரு கேள்வி நம்மைச் சுடும்போது, பதில் சொல்லும் முன் ஒரு கணம் பொறுத்து, ‘நான் காக்க முற்படுவது ஆண்டவரையா, அல்லது எனது அச்சத்தையா?’ என்று நம்மையே கேட்போம். ஆண்டவருக்கு நமது வாள் தேவையில்லை. செவிகளைக் குணமாக்கும் கரங்களே அவருக்குத் தேவை. அத்தகைய கரங்களை அவர் நமக்கு அருள்வாராக.