ஒரு கிராமத்துக்கு 25 நிமிடம்

கடந்த குளிர்காலத்தில் நண்பர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக 30 பேர் குஜராத்தின் கட்ச் பகுதிக்கு ஒரு கலைச் சுற்றுலா சென்று வந்தோம். நான்கு நாட்களில் ஒன்பது கிராமங்கள். தங்குமிடத்திலும் உணவிலும் ஒரு குறையும் இல்லை. நிலவொளியில் வெண்மையாக விரிந்து கிடந்த ரண் உப்புப் பாலையின் நடுவே நின்றபோது, எப்போதும் பேசிக்கொண்டே வந்த எங்கள் குழு முதன்முறையாக மௌனமாயிற்று. ஆயினும், எதைக் காண்பதற்காகச் சென்றோமோ அந்தக் கலைக்குப் பயணத் திட்டத்தில் ஒதுக்கப்பட்ட நேரம் கிராமம் ஒன்றுக்கு 25 நிமிடம். இது போதாது என்பதோடு, கைவினைஞருக்குத் தீங்காகவும் முடிகிறது என்பது என் கருத்து.

புஜ் நகருக்கு அருகிலுள்ள அஜ்ரக்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். அஜ்ரக் என்பது மரக்கட்டை அச்சுகளால் துணியில் செய்யப்படும் வேலைப்பாடு. துணியை வெளுத்து, ஆமணக்கெண்ணெய்க் கலவையில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். கோடுகளைச் சுண்ணாம்பும் பிசினும் கலந்து அச்சிடுகிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்துக் கருமையும், படிகாரமும் மஞ்சிட்டியும் கொண்டு செம்மையும் பெறுகிறார்கள். நீலத்துக்கு அவுரித் தொட்டி. இடையிடையே கழுவுதலும் வெயிலில் காய்தலும். ஏறத்தாழ 15 நிலைகள். ஒரு துணி முடியச் சுமார் மூன்று வாரம்.

இவற்றில் நாங்கள் கண்டது ஒரே ஒரு நிலை: ஓர் இளைஞர் அச்சை எடுத்து நான்கு முறை ஒற்றிக் காட்டினார். அடுத்த நிமிடமே பேரம் தொடங்கிவிட்டது. “இதே துப்பட்டா கடைவீதியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே” என்றார் எங்களுள் ஒருவர். கடைவீதியில் இருந்தது ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரே நாளில் அடித்த துணி. பெரும்பாலும் அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே சாயம் ஊறாமல் வெளிறியிருப்பது தெரிந்துவிடும். திருப்பிப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. பேருந்து ஹாரன் அடித்துவிட்டது.

அந்த ஊர் தோன்றிய விதத்தையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இக்கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமட்கா என்ற கிராமத்தில் வாழ்ந்தவர்கள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கம் அக்கிராமத்தைத் தரைமட்டமாக்கியது. அங்குள்ள நீரில் இரும்புச் சத்தும் கூடியது. நீர் மாறினால் சாயம் கெடும். ஆகவே ஒரு பகுதியினர் வேறு நிலம் வாங்கி, தம் தொழிலின் பெயரையே ஊருக்குச் சூட்டிக் குடியேறினர். வெற்று நிலத்தில் ஓர் ஊரையே எழுப்பியவர்களிடம் நாங்கள் ஐம்பது ரூபாய்க்கு வாதாடிக்கொண்டிருந்தோம்.

வாதாடியவர்களைக் குறைகூற எனக்குத் தகுதி குறைவு. முன்பு ராஜஸ்தானில் கடன் பிரிவில் பணியாற்றியபோது, கட்டை அச்சுத் தொழில் செய்த ஒருவரின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. சரக்கு ஏன் இத்தனை நாள் தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டு, அவர் கோரிய வரம்பைக் குறைத்தே பரிந்துரைத்தேன். தேக்கம் என்று நான் கருதியது துணி காயும் காலம் என்பது அஜ்ரக்பூர் முற்றத்தில் நின்றபோதுதான் விளங்கிற்று. துணி, அவுரி, கூலி எல்லாம் முதலிலேயே செலவாகின்றன. விற்ற பிறகும் நகரத்துக் கடைகளிலிருந்து பணம் வர மாதங்கள் ஆவதுண்டு. வணிகவியல் படித்த எனக்கு நடைமுறை மூலதனம் பாடநூலில் மனப்பாடம். அதன் ஈரத்தை அன்றுதான் கண்டேன்.

எனவே, குழுவாகச் செல்வோர் முன்பதிவின்போதே ஒன்பது கிராமங்களை மூன்றாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். அஜ்ரக்பூருக்கு அரை நாள், பூஜோடி நெசவாளர்களிடம் அரை நாள். நிரோணாவில், கெட்டியாகக் காய்ச்சிய ஆமணக்கெண்ணெய் வண்ணத்தை உலோகக் குச்சியால் இழையாக இழுத்து வரையும் ரோகன் ஓவியத்தின் முன் அரை நாள். முதியவர்களுக்கு அலுப்புத் தட்டும் என்பார்கள். ஒரு நாளில் ஆறு முறை பேருந்தில் ஏறி இறங்குவதைவிட ஒரு திண்ணையில் அமர்ந்திருப்பது அவர்களுக்கு எளிது. முப்பது பேர் நுழைந்தால் பட்டறையில் வேலை நிற்கும் என்பது நியாயமான மறுப்பு. அதற்குச் செயல்விளக்கக் கட்டணத்தைப் பயணச் செலவிலேயே சேர்த்துவிடலாம். வாங்கும் பொருளுக்கான தொகை இடைத்தரகரின்றிக் கைவினைஞரின் கணக்குக்கே செல்லட்டும். கியூஆர் அட்டை இன்று பாலைவனத்துக் குடிசையிலும் தொங்குகிறது.

இன்னொன்றும் செய்யலாம். அடுக்கில் இருப்பதை வாங்காமல், பிடித்த அச்சைத் தேர்ந்து பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து வரலாம். விண்ணப்பமும் வட்டியும் இல்லாத நடைமுறை மூலதனம் அது. வங்கி அதிகாரியே இதைச் சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். பேருந்து காத்திருக்கவே, முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். ஏழு வாரம் கழித்து அஞ்சலில் துப்பட்டா வந்தது. “மழைமூட்டம் இருந்தது, அதனால் தாமதம்” என்று இந்தியில் ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே இருந்தது.