ஏஸ் காம்பேட்டும் நம் இலக்கிய மௌனமும்

வீடியோ கேம் பற்றித் தமிழில் இரண்டே இரண்டு கட்டுரைகள்தான் மறுபடி மறுபடி எழுதப்படுகின்றன. ஒன்று, 'பசங்க படிக்கிறதே இல்லை, ராத்திரி முழுக்க கேம் விளையாடிக் கெட்டுப்போறாங்க' என்ற ஒப்பாரி. இன்னொன்று, 'கேமிலும் நல்ல கதைகள் இருக்கு, தெரியுமா?' என்ற கெஞ்சல். முதல் கட்டுரையை எழுதுகிறவர் கேமைத் தொட்டே பார்த்திருக்கமாட்டார். அவரை விட்டுவிடலாம். எனக்குச் சண்டை இரண்டாமவரோடுதான். அவர் விளையாடியவர். விளையாடியும், தன் கை என்ன செய்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்கிறார்.

போர் விமான விளையாட்டுகளையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இலக்கியக்காரர்கள் கடைசியாக மதிக்கக்கூடிய வகை அதுதான்.

பிளேஸ்டேஷன் 2-க்கு 2001-இல் வந்த 'ஏஸ் காம்பேட் 04' நினைவிருக்கிறதா? இங்கே பலருக்கும் அது பாசார் மாலாம் சிடி வழியாகத்தான் அறிமுகம். அதை ஆதரித்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் ஒரு சிறுவனின் வீட்டின் மேல் விழுந்து அவன் குடும்பம் அழிகிறது. நகரம் எதிரிப் படையின் கைக்குப் போகிறது. அங்கே வரும் எதிரிப் படை விமானி ஒருவனோடு அந்தச் சிறுவன் நெருக்கமாகிறான். தன் வீட்டின் மேல் விழுந்த அந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தியவனே அவன்தான் என்று பிறகு தெரிகிறது. அற்புதமான கதைதான். ஆனால் அந்தக் கதை எங்கே சொல்லப்படுகிறது? ஒரு பறத்தலுக்கும் அடுத்த பறத்தலுக்கும் நடுவே, கோட்டோவியம் போன்ற அசையாப் படங்களில், ஒரு குரலின் வழியாக. அந்த நேரத்தில் விளையாடுகிறவனின் கை சும்மா இருக்கிறது.

அந்தப் பகுதியை மட்டும் புகழ்கிறவர் கேமைத் தவிர மற்ற எல்லாவற்றையும் புகழ்கிறார். பறையாட்டம் பற்றி எழுதச் சொன்னால், நடுவில் பாடப்பட்ட பாட்டின் வரிகளை மட்டும் விமர்சித்துவிட்டுப் போவது மாதிரி இது. அடவு எங்கே? அடி எங்கே? காலில் இருந்ததைப் பற்றி ஒரு சொல் உண்டா?

சரி, கையில் என்னதான் இருக்கிறது?

இருப்பது ஒரு திருப்பம். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, குச்சியைப் பின்னுக்கு இழுத்து, எதிரியின் வாலைப் பிடிக்கும் திருப்பம். விளையாடாதவர்கள் இதை வேகப் போட்டி என்று நினைக்கிறார்கள். வேகமாகப் போகிறவன் பெரிய வட்டம் போடுவான். மெதுவாகப் போகிறவன் சின்ன வட்டம் போடலாம், ஆனால் ரொம்ப மெதுவானால் இறக்கை காற்றைப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு விமானத்துக்கும் மிகச் சிறப்பாகத் திரும்பும் வேகம் ஒன்று உண்டு. எதிரியை அந்த வேகத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டு நீங்கள் அதற்குள்ளேயே இருப்பதுதான் சண்டை.

இதைக் கணக்காக எழுதியவர் ஜான் பாய்ட். அமெரிக்க விமானப்படைக்காரர். 1960-களில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணிதக்காரரோடு சேர்ந்து அவர் சொன்னதன் சாரம் இது: உயரமும் வேகமும் ஒரே பணப்பையில் இருக்கும் இரண்டு நாணயங்கள். உயரத்தை விற்று வேகம் வாங்கலாம், வேகத்தை விற்று உயரம் வாங்கலாம். கூர்மையாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பையிலிருந்து ஏதோ ஒன்று போகும். 1974-இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-16 இந்தச் சிந்தனையின் பிள்ளை. சட்டென்று திரும்பவேண்டும் என்பதற்காகவே அதை நிலைகொள்ளாத விமானமாக வடிவமைத்தார்கள். கணினி இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது நேராகப் போகும். நிலையாக இருப்பது சுலபமாகத் திரும்பாது, சுலபமாகத் திரும்புவது நிலையாக இருக்காது. இதற்கு மேல் இதை நான் உருவகமாக்கப் போவதில்லை. அந்த வேலையை நம் கவிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

2019-இல் வந்த 'ஏஸ் காம்பேட் 7'-இல் இந்தப் பாடத்தைக் கை நேரடியாகவே படிக்கிறது. சு-30, சு-35, எஃப்-22 மாதிரியான விமானங்களில் வேகத்தை நன்றாக இறக்கி, முடுக்கும் பொத்தானையும் பிரேக்கையும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்து, குச்சியை முழுசாக இழுத்துப் பாருங்கள். விமானம் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும், மூக்கு மட்டும் வானத்தை நோக்கித் தூக்கிக்கொள்ளும். துரத்தி வந்தவன் உங்களைத் தாண்டி முன்னால் போய்விடுவான். 1989-இல் பாரிஸ் கண்காட்சியில் விக்டர் புகச்சேவ் சு-27-இல் செய்துகாட்டி உலகத்தை வாய்பிளக்க வைத்த 'கோப்ரா' இதற்கு அண்ணன்முறை. ஆனால் அதைச் செய்து முடித்த நொடியில் உங்கள் பை காலி. காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவது எதிரி ஒருவன் இருந்தால் கதை முடிந்தது. எப்போது செய்யலாம் என்பதைவிட எப்போது செய்யக்கூடாது என்பதைக் கற்கத்தான் நாளாகும். அதுவரை இது வித்தை. அதன்பிறகுதான் மொழி.

இந்த இடத்தில் மூன்றாவதாக ஒருவர் வருவார். 'தம்பி, இதெல்லாம் நிஜம் கிடையாது' என்பார். உண்மைதான். நிஜ எஃப்-22 தன் வயிற்றுக்குள் எட்டு ஏவுகணைகளைத்தான் கொண்டுபோகும், விளையாட்டில் பத்துக்கணக்கில் கிடைக்கும். 9 ஜி திருப்பத்தில் 70 கிலோ மனிதனின் உடல் 630 கிலோவாகக் கனக்கும், மூளையிலிருந்து ரத்தம் இறங்கிக் கண் இருளும். சோபாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கட்டைவிரல் மட்டும் வலிக்கும். அதனால் என்ன? எந்தக் கலைதான் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துக்கொண்டது? நாவலில் யாரும் ஒவ்வொரு நாளும் பல் தேய்ப்பதில்லை. ஒரு கலை எதை விட்டது என்பது குற்றப்பட்டியல் ஆகாது. விட்டதால் யாருக்கு வசதி என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் விமர்சனம் வேண்டும் என்கிறேன்.

ஏவுகணைக் கணக்கை விடுங்கள். இந்த விளையாட்டுகள் பெரிதாக விட்டுவிடுவது தரையை. மேலிருந்து பார்த்தால் தரை ஒரு துணி மாதிரி விரிந்திருக்கிறது. ஆறு, சாலை, கட்டடம் எல்லாம் அழகு. அழிக்கவேண்டியவற்றின் மேல் மட்டும் ஒரு சின்னக் கட்டம் மின்னும். கட்டம் அணைந்தால் மதிப்பெண் ஏறும். கட்டத்துக்குள் யார் இருந்தார் என்று கேட்க நேரம் கிடையாது. அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. வேகமாகத் திரும்பும் விமானம் தரும் பரவசம் உண்மையானது. அந்தப் பரவசத்துக்கு இந்தத் தூரம் தேவைப்படுகிறது என்பதும் அதே அளவு உண்மை. வில்லன் எவனும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. வடிவமே அப்படி.

இதே 'ஏஸ் காம்பேட் 7' ஓரிடத்தில் அதைக் கலைத்தும் பார்க்கிறது. செயற்கைக்கோள்கள் நொறுங்கித் தொடர்புகள் அறுந்துபோன ஒரு கட்டத்தில், யார் நண்பன் யார் எதிரி என்று திரை சொல்வதில்லை. கிட்டத்தில் பறந்துபோய்ப் பார்த்தபிறகுதான் தெரியும். அதுவரை பழகிய கை தானாகச் சுடப் போகும், நீங்கள்தான் அதைப் பிடித்து நிறுத்தவேண்டும். நெருங்கிப் பார்க்காமல் சுடக்கூடாது என்பதை எந்தப் பாத்திரமும் வசனமாகப் பேசவேண்டியதில்லை. உங்கள் விரல் தயங்குகிறதே, அங்கேதான் அர்த்தம். கேமில் நல்ல கதை உண்டு என்று கெஞ்சுகிறவர்கள் இந்தத் தயக்கத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை? கதைச் சுருக்கத்தில் அது வராது. அதனால்தான்.

இனி நான் சொல்லப்போவதை ஆங்கிலத்திலோ ஜப்பானியத்திலோ எழுதுகிற விமர்சகர் எளிதில் எழுதிவிடமுடியாது.

'வார் தண்டர்' என்ற இயங்கலை விளையாட்டில் கிபிர் விமானம் ஓட்டக் கிடைக்கிறது. இஸ்ரேலியத் தயாரிப்பு. பிரெஞ்சு மிராஜின் உடல், அமெரிக்க எஞ்சின். முக்கோண இறக்கை, முன்னால் இரண்டு சின்னச் சிறகுகள். முதல் திருப்பம் பிரமாதமாக வரும், தொடர்ந்து இழுத்தால் வேகம் மளமளவென்று கொட்டிப்போகும். முக்கோண இறக்கைகளின் குணம் அது. இப்படி ஒரு பத்தி எந்த மொழி மதிப்புரையிலும் இருக்கலாம்.

ஆனால் தமிழில் 'கிபிர்' ஏற்கெனவே ஒரு சொல். 1996 முதல் இலங்கை விமானப்படை அதை வைத்திருந்தது. ஈழத்தில் அது ஒரு விமான ரகத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை. 'கிபிர் அடிச்சது' என்பது ஒரு முழு வாக்கியம். பிள்ளைகள் சத்தத்தை வைத்தே அதை அடையாளம் கண்டு பங்கருக்குள் ஓடப் பழகினார்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் குண்டு விழுந்து பள்ளி மாணவிகள் பலர் செத்தார்கள். ஹீப்ரூவில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி. தமிழில் அதற்கு அந்த அர்த்தம் கிடையாது.

ஆக, இந்த விமானத்தைக் கீழிருந்து பார்த்த சொல் நம் மொழியில் இருக்கிறது. மேலிருந்து ஓட்டும் பரவசத்தைச் சொல்லத்தான் இன்னும் சொல் உருவாகவில்லை. இரண்டும் ஒரே கட்டுரையில் சந்தித்தால் என்ன ஆகும்? அந்தக் கட்டுரையை எழுதக்கூடியவன் 'வார் தண்டர்' விளையாடுகிற, தமிழ் வாசிக்கிற இருபது வயதுக்காரன். அவன் இங்கேதான் இருக்கிறான். ஈழத்துக் கதைகளையும் படித்திருக்கிறான். எழுதமட்டும் மாட்டேன் என்கிறான்.

அந்த வலியைக் கடன் வாங்கிச் சொந்தம் கொண்டாடச் சொல்லவில்லை. மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் போர் விமானம் என்றால் பெரும்பாலும் கைத்தட்டல்தான். மெர்டேக்கா நாளில் அண்ணாந்து பார்க்கிறோம். லங்காவியில் லீமா கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகிறோம். நம் விமானப்படையின் 18 சு-30எம்கேஎம் விமானங்களில் ஒன்று உந்துவிசையின் திசையையே வளைத்து நடுவானில் குட்டிக்கரணம் அடிக்கும்போது கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். தேசிய தினத்தில் சிங்கப்பூர் வானத்தில் எஃப்-15-கள் சீறும்போது சிலிர்க்கிறோம். அந்தச் சிலிர்ப்பும் பொய்யில்லை. கைத்தட்டவும் பழகி, அச்சத்தைச் சொல்லும் சொல்லையும் மொழியில் வைத்திருக்கிறவர்கள் நாம். இந்த இடத்திலிருந்து எழுதக்கூடிய விமர்சனம் வேறு எவரிடமும் இல்லை. அதை எழுதாமல் விடுவது சோம்பேறித்தனம்.

'அப்போ கேம் விளையாடக்கூடாது என்கிறாயா?' இல்லை. விளையாடுங்கள். நன்றாகவே விளையாடுங்கள். கத்துக்குட்டிக்கான எளிய கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, விமானத்தை நீங்களே சாய்த்து உருட்டும் முறைக்கு வாருங்கள். திருப்பத்தின் ருசி தெரியாதவன் எழுதும் கண்டனம் எனக்கு வேண்டாம். அது பிரசங்கம்.

'அட, இது வெறும் விளையாட்டுதானே?' அப்படியானால் வெறும் சினிமாவுக்கு எதற்கு இத்தனை கட்டுரை? ஒரு படம் இரண்டரை மணி நேரம். ஒரு விளையாட்டில் நீங்கள் நூறு மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். உங்கள் அனிச்சைச் செயல்களையே மாற்றிவிட்ட ஒன்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, இரண்டரை மணி நேரம் பார்த்ததைப் பற்றி மூவாயிரம் வார்த்தை இருக்கிறது என்றால், நீங்கள் எழுதுவது உங்கள் அனுபவத்திலிருந்து வரவில்லை. எதைப் பற்றி எழுதினால் இலக்கியவாதி என்று மதிப்பார்களோ அதைப் பற்றி எழுதுகிறீர்கள்.

'சொற்கள் இல்லையே?' சினிமா வந்தபோது மட்டும் இருந்ததா? ஷாட், கட், குளோசப் என்று அப்படியே எடுத்துக்கொண்டுதானே எழுதினோம்? ஸ்டால், லாக், டர்ன் என்று எழுதுங்கள். எழுத எழுதச் சில சொற்கள் தமிழாகும், சில அப்படியே தங்கும்.

இதழாசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கேம் பற்றி ஒரு கட்டுரை வந்தால் 'இளையோர் பக்கம்' என்று தனியாக ஒதுக்காதீர்கள். நாவல் விமர்சனத்தைக் கிழித்துப் பார்க்கும் அதே கண்டிப்போடு அதையும் பாருங்கள். கதைச் சுருக்கம் மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். 'உன் கை என்ன செய்தது? அப்போது கீழே யார் இருந்தார்கள்?' என்று இரண்டே கேள்வி எழுதி அனுப்புங்கள். பதில் எழுதத் தெரிந்தவன் மறுபடி அனுப்புவான்.