ராஜா வேண்டாம், தகரப் பெட்டியைத் திறங்க

பட்டணத்துச் சொந்தக்காரங்க போன் பண்ணா இப்பல்லாம் ஒரே கேள்விதான். "நம்ம பரம்பரை யாரு? எந்த ராஜாகிட்ட தளபதியா இருந்தாங்க?" கல்யாண பேனர்ல வாள் பிடிச்ச மாதிரி படம் போட ஆள் தேடுறாங்க. ஒருத்தர் எச்சிலைக் குப்பியில துப்பி மரபணு சோதனைக்கே அனுப்பிட்டார். எல்லாரும் தளபதின்னா அந்த ராஜ்யத்துல ஏர் ஓட்டினது யாரு?

எங்க நைனார்பாளையத்துல ஏர் ஓட்டினவங்க, களை வெட்டினவங்க, மல்லாட்டை பிடுங்கினவங்கதான் எங்க முன்னோர். அவங்களைத் தெரிஞ்சுக்க கல்வெட்டு வேண்டாம், பரண் மேல இருக்கிற தகரப் பெட்டி போதும். ஊர் வீட்டை இடிக்கும்போது அந்தப் பெட்டியில இருக்கிறதைத்தான் நீங்க பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுறீங்க. என் சண்டையே அதுக்குத்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன். என் ஆயாவுக்கு மாமியார், அதாவது என் பூட்டி. படம் கிடையாது, சமாதி கிடையாது. பேரையே சொந்தக்காரங்க மூணு விதமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பெட்டியில இருந்த ஒரு ஒத்திச் சீட்டுலதான் சரியான பேர் கிடைச்சது. (இங்க எழுதல. எங்க வீட்ல இன்னிக்கும் ஒருத்தருக்கு அந்தப் பேர்தான்.) காலஞ்சென்ற இன்னார் பெண்சாதின்னு எழுதி, கீழே இடது பெருவிரல் ரேகை. எண்பது சென்ட் புன்செய்க் கொல்லை, 45 ரூபாய்க்கு ஒத்தி. தேதி தாது வருஷம் ஐப்பசி மாசம், அவ்வளவுதான்.

தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். தாதுன்னா ஊரே செத்த 1876 பஞ்சமா இருக்கலாம், 1936ஆவும் இருக்கலாம். முத்திரையைப் பார்த்தேன். தாடி வெச்ச ஐந்தாம் ஜார்ஜ். 1876ன்னா விக்டோரியா ராணி முகம் இருக்கணும். அப்போ இது 1936. சீட்டோட பின்பக்கம் சித்திரபானு வருஷம், அதாவது 1942ல, பணம் பூரா வந்துடுச்சு, கொல்லையை விட்டுட்டேன்னு ஒத்தி வாங்கினவர் கையெழுத்து.

ஒத்தின்னா என்னன்னு பட்டணத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. கடன் குடுத்தவர் வட்டிக்குப் பதிலா நிலத்தை உழுது சாப்பிட்டுக்குவார். ஆக அந்த ஆறு வருஷமும் பூட்டிக்கு அந்தக் கொல்லையிலிருந்து ஒரு படி தானியம் வந்திருக்காது. 45 ரூபாயும் அடுத்தவங்க கொல்லையில மல்லாட்டை பிடுங்கி, மோர் வித்துச் சேர்த்ததுன்னு ஆயா சொல்லும். ஆயா சொன்னதும் சீட்டும் ஒண்ணா சேர்ந்தப்பதான் அந்த அம்மாவோட வாழ்க்கை எனக்குப் புரிஞ்சது. அந்தக் கொல்லையிலதான் நான் இப்ப மக்காச்சோளம் போட்டிருக்கேன். எந்தத் தளபதி எனக்கு இதைவிடப் பெரிசா சம்பாதிச்சு வெச்சுட்டுப் போனான்?

"அதெல்லாம் சர்க்கார்ல இருக்குமே, ஆன்லைன்ல எடுத்துக்கலாமே"ன்னு சொல்வீங்க. இருக்காதுங்க. நூறு ரூபாய்க்குக் குறைஞ்ச ஒத்தியைப் பதிவு பண்ணணும்னு சட்டத்துல கட்டாயம் இல்ல. நிலத்தைக் கைமாத்தி விட்டா போதும். பெரிய மிராசுதார் கடன் ரிஜிஸ்தர் ஆபீஸ் புத்தகத்துல ஏறிடும். விதவையோட 45 ரூபாய் ஏறாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கலெக்டர் எழுதின கடுதாசி கிடைக்கும், என் பூட்டி கிடைக்க மாட்டாங்க. ஆன்லைன் பட்டா இன்னிக்கு யார் பேர்ல இருக்குன்னுதான் காட்டும். 1979லிருந்து 1987 வரைக்கும் நடந்த யூ.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தின பழைய பதிவேட்டு நகல் கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனேன். "கேஸ் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்ல, பூட்டியைத் தெரிஞ்சுக்கணும்னேன். சிரிச்சாங்க. அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டாதான் முன்னோரைப் பார்க்க முடியும் போல.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்க. 1860 நவம்பர் 16ல 'ட்ரூரோ'ங்கிற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோட டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரைக்கும் 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனாங்க. ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு, பேர், அப்பா பேர், வயசு, சாதி, உடம்பு அடையாளம், ஊர், ஜில்லான்னு எழுதி வெச்சாங்க. பாசத்துல இல்ல, வேலை வாங்க. ஆனாலும் அந்தப் பதிவைக் கையில வெச்சுக்கிட்டு கொள்ளுப் பேரன் இன்னிக்கு ஆற்காட்டு ஊர்களைத் தேடி வர்றான். கடல் தாண்டிப் போன கூலிக்கு இருக்கிற பதிவு, ஊர்லயே கிடந்து செத்த கூலிக்கு இல்ல.

கொல்லையே இல்லாதவங்க கதை இன்னும் மோசம். எங்க ஊர்லயே ஒரு சென்ட் இல்லாம எல்லார் நிலத்துலயும் உழைச்ச குடும்பங்களுக்குச் சீட்டும் இல்ல, ரேகையும் இல்ல. கல்வராயன் மலை ஜாகீர்தாருங்க கையில இருந்து 1976லதான் அரசாங்கத்துக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அங்க உழுதவங்க பேரைப் பட்டாவுல எங்க போய்த் தேடுறது? அவங்களுக்கு இருக்கிற ஒரே ஆவணம் பெரியவங்க வாய்ப்பேச்சுதான். அந்தப் பெரியவங்களும் போய்க்கிட்டே இருக்காங்க.

அரசாங்கத்தை ஒண்ணு கேக்குறேன். 1980ல கர்ணம் பதவியை ஒழிச்சது நல்ல காரியம். ஆனா அந்தக் காலத்துக் கிராமக் கணக்குல மிச்சம் இருக்கிறதைப் படம் பிடிச்சு அந்தந்த ஊருக்கே குடுங்க. கேஸ் இருந்தாதான்னு சொல்லாதீங்க.

பட்டணத்துக்காரங்களுக்கும் வேலை இருக்கு. நிலத்தை விக்கிறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறங்க. ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் போன்ல படம் எடுங்க. செக்குபந்தியை விடாதீங்க. என் பூட்டி சீட்டுல வடக்கே ஓடைன்னு இருக்கு, இன்னிக்கு அங்க ஓடையே இல்ல. நாலு எல்லையில ஊர் சரித்திரமே இருக்கும். பழைய தாள்ல தென்னாற்காடு ஜில்லான்னுதான் இருக்கும். 1993ல விழுப்புரமாகி, 2019லதான் கள்ளக்குறிச்சி ஆனோம். அது தெரியாம தேடினா ஒண்ணும் சிக்காது. வம்ச மரம் எழுதினா பொம்பளைங்க பேரையும் எழுதுங்க, 'மனைவி'ன்னு போட்டுட்டு நகராதீங்க.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப அரை நாள் ஒதுக்கி, திண்ணையில உக்காந்திருக்கிற கிழவிகிட்ட அவங்க மாமியார் பேரைக் கேளுங்க. எந்தக் கொல்லையில வேலை செஞ்சாங்க, யார்கிட்ட கடன் பட்டாங்க, எப்படித் தீர்த்தாங்கன்னு கேட்டுப் பதிவு பண்ணுங்க. பேனர்ல வாள் படம் அதுக்கப்புறம் போட்டுக்கலாம்.