ரோபோவும் ட்ரையல் பேலன்ஸும்

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் வந்தால் முதலில் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் கார்கள் 1998-லிருந்து வெளியே வரும் இடம். ஸ்ரீபெரும்புதூரில் திரும்பி சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டைப் பிடித்தால் ஒரகடம். 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயர ரோபோக்கள் கார் பாடியை வெல்டிங் அடித்துக் கொண்டிருக்கின்றன. இந்தப் பக்கம், அதே ஊர்ப் பிள்ளைகளின் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள்ளும் ஒரு ரோபோ. பெரும்பாலும் ஓடாத ரோபோ :-)

அந்த டப்பாவில் என்ன இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு பிளாஸ்டிக் தட்டு, இரண்டு மஞ்சள் மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு, மோட்டாரை ஓட்ட எல்298 போர்டு, கண் மாதிரி முழிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், கை நிறைய வயர். பயிலரங்கில் இரண்டு நாளில் மாட்டி முடிப்பார்கள். கோடு (ப்ரோகிராம்தான்) ரெடியாகக் கொடுத்து விடுவார்கள். கடைசி இருபது நிமிஷத்தில் ஸ்விட்சைப் போடுவார்கள். "சார், ஓடிடுச்சு!" கைதட்டல், குரூப் போட்டோ, சர்ட்டிபிகேட். ஆயுத பூஜை அன்றைக்குப் புது வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்புவது போல, அந்த முதல் ஓட்டம் ஒரு சடங்காக முடிந்து விடுகிறது.

தப்பு இங்கேதான். இரண்டு நாளில் உருப்படியான பாடம் இருப்பதே அந்தக் கடைசி இருபது நிமிஷத்தில்தான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது பதினொன்றாம் வகுப்பிலேயே வரும் பாடம். ஈடுசெய் பிழை என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் நூறு ரூபாய் கூட, இன்னொரு பக்கமும் நூறு ரூபாய் கூட. கூட்டினால் அழகாக ஒத்துப்போகும். ரோபோவிலும் அச்சு அசல் இதேதான். இடது மோட்டாரின் இரண்டு வயரும் மாறிப் போயிருக்கும். சக்கரம் பின்னால் சுற்றும். வயரைத் திருப்பி மாட்டச் சோம்பல்பட்டு ப்ரோகிராமில் முன்னே என்பதைப் பின்னே என்று மாற்றி விடுவார்கள். வண்டி நேராக ஓடும். இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி! ஒரு மாதம் கழித்து வேறு ப்ரோகிராம் ஏற்றும்போது நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். ஏன் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொரு பிரபலமான கூத்து, சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி. மேசையில் லேப்டாப்போடு யூஎஸ்பி வயரில் இணைந்திருக்கும் வரை எல்லாம் ஒழுங்கு. வயரைக் கழற்றித் தரையில் விட்டால் ஒரு உதறு உதறிவிட்டு நிற்கும், மறுபடி உதறும். ப்ரோகிராமில் கோளாறு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவார்கள். ப்ரோகிராம் ஒரு பாவமும் அறியாது. அந்தப் பேட்டரி ரேடியோ, ஸ்மோக் அலாரம் மாதிரி கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும் சாமான்களுக்கானது. இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது கேட்கிற கரண்டை அதனால் தர முடியாது. வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும், எழுந்து மறுபடி மோட்டாரை ஓட்டப் பார்க்கும், மறுபடி சரியும். போதாக்குறைக்கு எல்298 தன் பங்குக்கு சுமார் இரண்டு வோல்ட்டை விழுங்கி வைக்கும். இதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு மல்டிமீட்டர், ஐந்து நிமிஷம். கிட்டுக்குள் ப்ளூடூத் இருக்கும், கலர் கலராக எல்இடி இருக்கும். மல்டிமீட்டர் மட்டும் இருக்காது!

மதிலுக்கு அந்தப் பக்கம் எப்படி என்று பாருங்கள். தொழிற்சாலை ரோபோவில் புது ப்ரோகிராம் ஏற்றியவுடன் முழு வேகத்தில் ஓட்டிக் கைதட்ட மாட்டார்கள். குறைவேகக் கைமுறை இயக்கத்தில் ரோபோக் கையின் முனை நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்பது ஐஎஸ்ஓ 10218 தரநிலையின் விதி. ஓட்டுபவர் கையிலிருக்கும் டீச் பென்டன்ட்டில் ஒரு ஸ்விட்ச். நடு நிலையில் அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ அசையும். விட்டுவிட்டால் நிற்கும், இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். பயந்த மனிதன் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்வான் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்! ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் (ஜிஏஆர்சி) சோதனை ஓட்டத்துக்கென்றே தனி ட்ராக்குகளோடு இருக்கிறது. சோதித்துப் பார்ப்பதே முழுநேரத் தொழிலாக நடக்கிற ஊரில், படிக்கிற பிள்ளைகளுக்கு அதற்கு இருபது நிமிஷம்.

சின்ன கிட்டுக்கும் அதே ஒழுங்கு செல்லும். பேட்டரி மாட்டும் முன் பிளஸ்ஸும் மைனஸும் எங்காவது ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பது. (18650 லித்தியம் செல் ஷார்ட் ஆனால் வெறும் புகையோடு விடாது.) தலைகீழாக மாட்டினால் காப்பாற்ற ஆர்டுயினோவின் வட்ட சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு டயோடு உண்டு, பேட்டரி வயரை நேராகப் பின்னில் செருகுபவர்களுக்கு அந்தக் காப்பும் கிடையாது. முதலில் மோட்டாரைக் கழற்றிவிட்டு போர்டுக்கு மட்டும் கரண்ட். விளக்கு மினுக்குகிறதா? பிறகு வண்டியை ஒரு டம்ளர் மேல் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் சுற்ற, ஒரு நேரத்தில் ஒரு மோட்டார். சென்சாருக்கு எதிரே முப்பது சென்டிமீட்டரில் நோட்டுப் புத்தகத்தை நிறுத்தி, அதுவும் முப்பது என்கிறதா என்று பார்ப்பது. அதே சென்சார் ஜன்னல் திரைக்கு முன்னால் தடுமாறும். துணி சத்தத்தைக் குடித்துவிடும், எதிரொலி சரியாகத் திரும்பாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் தரை.

முதல் நாளே மீட்டரும் கையுமாக உட்கார வைத்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும் என்பார்கள். ஆறாம் வகுப்புக்கு இது நியாயம்தான், அங்கே ஓடுவதைப் பார்க்கும் சந்தோஷம் முதலில் வரட்டும். கல்லூரி மாணவனுக்கு இந்தச் சலுகை எதற்கு? 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. ஆக, சாமானுக்கு வழி பிறந்துவிட்டது. நேரத்துக்கும் மார்க்குக்கும்தான் இன்னும் வழியில்லை.

இதில் சோறும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. ஒரே ஸ்டேஷனில் ஒரே வேலையை மட்டும் பழகியவர் அடுத்த கம்பெனி கேட்டில் எதைக் காட்டுவார்? ரோபோ வந்தால் வேலை போகும் என்ற பயம் இந்த ரோட்டில் பழையது. ஆனால் ரோபோவும் நிற்கும். சென்சாரில் தூசி, கனெக்டர் லூசு, உரசி உரசித் தேய்ந்த கேபிள் என்று காரணம் அற்பமாகவும் இருக்கும். அந்த நேரத்தில் "கரண்ட் வருதா, சிக்னல் வருதா" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிற ஆள் வேண்டும். அந்தப் பழக்கம் இரண்டாயிரம் ரூபாய் கிட்டிலேயே வந்துவிடும், அது ஓடாத அன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத் தேட விட்டால்.

அதனால் ரோபோ ஓடியதற்கு மார்க் போடுவதைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாம். எது எப்போது ஓடவில்லை, எதை அளந்தார்கள், என்ன வந்தது என்று ஒரு நோட்டு எழுதச் சொல்லி அதற்குப் பாதி மார்க் கொடுக்கலாம். மீதிக்கு, வைவா அன்று எக்ஸ்டர்னல் வந்து ஓடுகிற வண்டியில் ஒரே ஒரு வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கொடுக்கட்டும். எந்த வயர் என்று சொல்ல வேண்டாம். மீட்டர் மட்டும் மேசையில் இருக்கட்டும்.