கடியாரத்துக்கு முகப்பூச்சு

பழைய கைக்கடியாரங்களைத் தேடி வாங்கிச் செப்பனிடுவது இப்போது பலருக்குப் பொழுதுபோக்காகி இருக்கிறது. நல்ல பொழுதுபோக்குத்தான், சீட்டாட்டத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் செப்பனிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இவர்களில் பலர் செய்கிற காரியத்துக்கு என் அகராதியில் வேறு பெயர் உண்டு: அழிப்பு.

கொல்லிமலையில், பெரக்கரை நாட்டில், எனக்குத் தெரிந்த மிளகு விவசாயி ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷம் அவர் கையில் கிடந்தது ஓர் எச்.எம்.டி. ஜனதா. வெள்ளை டயல் பாலேடு போல் மஞ்சளித்திருந்தது. ஆறுமணிக்குப் பக்கத்தில் ஒரு கறை. “பெரியவன் பொறந்த வருஷத்து மழையில தண்ணி இறங்கினதுங்க” என்பார். ஒருநாள் கடியாரம் நின்றுவிட்டது. அந்தப் பெரியவனே அதை நகரத்துக்கு எடுத்துப்போய், இந்தப் பொழுதுபோக்குள்ள நண்பர் ஒருவரிடம் கொடுத்து, பளபளவென்று திருப்பிக் கொண்டுவந்தான். டயல் கிளிப்பச்சை, கறையைக் காணோம். கிழவர் காதில் வைத்துக் கேட்டார். ஓடிற்று. “இது யாரோடதுப்பா?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்தாம்.

கடியாரத்தில் தேய்வதற்கென்றே உள்ள உறுப்புகள் உண்டு. எண்ணெய் காய்ந்து பிசினாகும்; வில் தளரும்; கண்ணாடி கீறும். பிரித்துக் கழுவி, புது எண்ணெய் இட்டு, வில்லை மாற்றுங்கள். பதினேழு கல் பதித்த அந்த இயந்திரம் மறுபடியும் விநாடிக்கு ஐந்து தடவை துடிக்கும். அந்தத் துடிப்பை மீட்பது வித்தை. அதற்குப் பொறுமை வேண்டும், கண் வேண்டும், நடுங்காத கை வேண்டும். டயலைச் சுரண்டி வர்ணம் அடிக்க இவை ஒன்றும் வேண்டாம்.

“பணம் கொடுத்து வாங்கியது நான், அழகுபடுத்தினால் உமக்கென்ன?” என்று கேட்பார்கள். எனக்கென்ன என்று சொல்கிறேன். ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடியாரம் செய்யத் தொடங்கியது. கல்யாணத்துக்கும் வேலை ஓய்வுக்கும் பரிசாகக் கைமாறிய பொருள் அது. அந்தக் கடியாரக் கம்பெனியை மூடிவிட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது. ஆகவே, சுரண்டிய ஒவ்வொரு டயலும் இருக்கிற கணக்கில் ஒன்று குறைவு. போதாக்குறைக்கு, வர்ணம் பூசியதை ‘அசல்’ என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் ரசனை அல்ல, மோசடி.

இந்த வியாதி கடியாரத்தோடு நிற்பதும் இல்லை. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கற்சுவரைச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்த கோயில்கள் நம் நாட்டில் உண்டு. செய்தவர்களுக்குப் பக்தி இல்லாமல் இல்லை. புதிதாகத் தெரிவதுதான் நல்லது என்ற எண்ணம் அவர்களுக்கு, அவ்வளவுதான்.

எழுத்தே தெரியாதபடி டயல் அரித்துப்போயிருந்தால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. வேறொரு டயலைப் பொருத்திக்கொள்ளுங்கள். பழையதை ஒரு காகிதத்தில் மடித்துப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். உரியவர் உயிரோடு இருந்தால், தொடுவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

மலையில் அந்தப் பையனிடம், பழைய டயலையாவது வாங்கி வைத்தாயா என்று கேட்டேன். “அதேதாங்க இது. சுரண்டிட்டு மேலே பெயிண்ட் அடிச்சிருக்காங்க” என்றான். அவனுக்கு அதில் பெருமைதான். கிழவர் கடியாரத்தைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு, வெயிலைப் பார்த்து மணி சொன்னார்.